நின்னா தல சுத்துது, படுத்தா சரியாகுது: பாட்ஸ் வந்தவங்களுக்கு முதல் பாடங்கள்

இது யாருக்குன்னு முதல்லயே சொல்லிடறேன். படுத்திருக்கிறப்போ நல்லாத்தான் இருக்கீங்க, எந்திரிச்சு நின்ன கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிக்குது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது, கை நடுங்குது, சில சமயம் அப்படியே சரிஞ்சு விழுந்துடறீங்க, டாக்டர்கிட்ட போனா ஈசிஜி நார்மல், பிபி நார்மல், "டென்ஷன் ஆகாதீங்கம்மா, நல்லா சாப்பிடுங்க"ன்னு ஒரு சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிடறாங்க. இப்படியே மாசக்கணக்கா ஓடுதுன்னாலும் சரி, இப்பதான் ஒரு டாக்டர் "இது பாட்ஸா இருக்கலாம்"னு சொல்லி நீங்க மிரண்டு போய் தேடிட்டு இருக்கீங்கன்னாலும் சரி, படிங்க. நான் டாக்டர் இல்ல. வருஷக்கணக்கா இதோட குடித்தனம் பண்ற பேஷன்ட், அவ்ளோதான். மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு. ஆனா காலைல கட்டில்ல இருந்து எப்படி எந்திரிக்கிறது, துணி எப்படி காயப் போடுறது, ரேஷன் கடை க்யூல என்ன பண்றதுங்கிறதெல்லாம் எந்த டாக்டருக்கும் சொல்ல நேரம் இருக்காது, அதுக்குத்தான் இது.

முழுப் பேரு போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம், அதாவது எந்திரிச்சு நின்னா இதயத் துடிப்பு எகிறுற கோளாறு. வாய்ல நுழையாது, அதனால எல்லாரும் பாட்ஸ்னுதான் சொல்றாங்க. இந்தப் பேரு மருத்துவ உலகத்துல நிலைச்சது 1993-ல, ஷோண்டார்ஃப், லோன்னு ரெண்டு டாக்டருங்க எழுதின கட்டுரையால. பேருதான் புதுசு. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல இருந்த சிப்பாய்ங்களுக்கு நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குறது, தலைசுத்தல்னு இதே மாதிரி வந்தத டா கோஸ்டாங்கிற டாக்டர் 1871-லயே எழுதி வச்சிருக்காரு. கோவிட் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இது ஆரம்பிச்சதால இப்போதான் பல டாக்டருங்க காதுலயே இந்தப் பேரு விழுது. அதிகமா வர்றது பொண்ணுங்களுக்குத்தான், அதுவும் வயசுக்கு வந்ததுல இருந்து அம்பது வயசுக்குள்ள.

உள்ள என்ன நடக்குதுன்னா, யார் எந்திரிச்சு நின்னாலும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் கீழ வயிறு, காலுன்னு இறங்கும். மத்தவங்களுக்கு நரம்பு மண்டலம் உடனே ரத்தக் குழாய்ங்கள இறுக்கி மேல தள்ளிடும், அவங்களுக்கு அது தெரியக்கூட தெரியாது. நமக்கு அந்த இறுக்கம் சரியா வர்றதில்ல, பல பேருக்கு உடம்புல மொத்த ரத்த அளவே கொஞ்சம் கம்மியாவும் இருக்கும். சம்ப்ல தண்ணி இல்லாதப்போ மோட்டார் மட்டும் சத்தமா ஓடுமே, அதே கதைதான், இதயம் வேகமா அடிச்சு ஈடுகட்டப் பாக்குது. அதனால ஒண்ணு நல்லா புரிஞ்சுக்கோங்க, பெரும்பாலும் உங்க இதயத்துல கோளாறு இல்ல, அது தன் வேலையை அளவுக்கு மீறி செய்யுது. பாட்ஸ்ல எல்லாரும் மயங்கி விழுறதும் இல்ல. நிறைய பேருக்கு மயக்கம் வர்ற மாதிரி விளிம்பு வரைக்கும் போய்ட்டு திரும்பும், சில பேருக்குத்தான் முழுசா நினைவு போகும்.

1. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு கணக்கு எடுங்க

கொரோனா நேரத்துல வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலமாரில எங்கயாவது கிடக்கும், தேடி எடுத்து பேட்டரி மாத்துங்க. கைல கட்டுற ஆட்டோமேட்டிக் பிபி மெஷினும் இருந்தா ரொம்ப நல்லது. கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும், தனியா பண்ணாதீங்க, ஏன்னா இது உங்கள மயங்க வைக்கிற டெஸ்ட்.

காலைல காபி குடிக்கிறதுக்கு முன்னாடி பண்ணுங்க. பத்து நிமிஷம் பேசாம படுத்திருங்க, பல்ஸ், பிபி ரெண்டையும் எழுதிக்கோங்க. அப்புறம் எந்திரிச்சு சுவத்துல முதுகு சாய்ச்சு நில்லுங்க, குதிகால் சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி இருக்கணும், காலை ஆட்டக் கூடாது, பேச்சு குடுக்கக் கூடாது. ஒவ்வொரு நிமிஷமும் கூட இருக்கிறவங்க நம்பரை எழுதணும். பத்து நிமிஷம். நடுவுல ரொம்ப முடியலன்னா உடனே படுத்துடுங்க, எத்தனாவது நிமிஷத்துல படுத்தீங்கன்னு எழுதினாலே அது ஒரு தகவல்தான்.

பெரியவங்களுக்கு நின்ன பத்து நிமிஷத்துக்குள்ள பல்ஸ் 30 இல்ல அதுக்கு மேல ஏறி அப்படியே நின்னா, 12-ல இருந்து 19 வயசுக்குள்ளன்னா 40-க்கு மேல ஏறினா, அதே சமயம் மேல் பிபி 20 பாயிண்ட் இறங்காம இருந்தா, பாட்ஸான்னு பாக்கணும்னு அர்த்தம். உதாரணத்துக்கு படுத்திருக்கிறப்போ 74, நின்ன முதல் நிமிஷம் 101, அஞ்சாவது நிமிஷம் 113, பத்தாவது நிமிஷம் 118, பிபி மட்டும் அசையாம 110/70-லயே இருக்குன்னு வைங்க, இதான் அந்த மாதிரி. பிபி சர்ருன்னு இறங்குச்சுன்னா அது வேற வியாதி, அதுக்கு வைத்தியமும் வேற. விரல் ஜில்லுன்னு இருந்தா ஆக்ஸிமீட்டர் உளறும், நெயில் பாலிஷ் இருந்தாலும் உளறும், விரலத் தேய்ச்சு சூடாக்கிட்டு மாட்டுங்க. ஒரு நாள் பாத்துட்டு முடிவு பண்ணாம வேற வேற நாள்ல எடுத்து ஒரே பேப்பர்ல எழுதிக்கோங்க. மூணு மாசத்துக்கு மேல தொந்தரவு இருந்தாத்தான் பொதுவா இந்தப் பேரு வைப்பாங்க.

அந்தப் பேப்பர்தான் உங்க ஆயுதம். "தல சுத்துது டாக்டர்"னு சொன்னா அவங்க காதுல விழுறது வேற, "படுத்தா 74, நின்னா 118, பிபி இறங்கல"ன்னு பேப்பரை நீட்டினா விழுறது வேற.

2. யாரைப் பாக்கணும், என்னென்ன டெஸ்ட்

முதல்ல வேற காரணம் இல்லன்னு உறுதி பண்ணணும், இதைத் தாண்டிட்டு நேரா பாட்ஸுக்குப் போகாதீங்க. ரத்த சோகை, தைராய்டு கூடுதலா வேலை செய்யறது, சுகர் இறங்குறது, அட்ரினல் சுரப்பி கோளாறு, இதய மின்னோட்டத்துல கோளாறு, சும்மா உடம்புல தண்ணி இல்லாததுன்னு எல்லாமே இதே மாதிரி படபடப்பைக் குடுக்கும். அதனால ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச், பி12, சுகர், சோடியம் பொட்டாசியம், ஈசிஜி, இதயத்தை ஸ்கேன் பண்ற எக்கோ, தேவைப்பட்டா அட்ரினலுக்காகக் காலைல எடுக்கிற கார்ட்டிசால், துடிப்பைப் பதிவு பண்ண 24 மணி நேரம் நெஞ்சுல மாட்டிவிடுற ஹோல்டர் மானிட்டர்னு எழுதுவாங்க. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெரிட்டின் அதாவது இரும்புச் சத்து இருப்பு அடில கிடக்கிற பொண்ணுங்க நம்ம ஊர்ல ஏராளம், அதனால ஃபெரிட்டின விட்டுடாதீங்க, கேட்டு வாங்கி எடுங்க.

கார்டியாலஜில இதயத் துடிப்பு சம்பந்தமா தனியா படிச்சவங்கள எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட்னு சொல்வாங்க, கிடைச்சா அவங்களப் பாருங்க, இல்லன்னா நியூராலஜிஸ்ட். பெரிய ஹாஸ்பிடல்ல டில்ட் டேபிள் டெஸ்ட் பண்ணுவாங்க. ஒரு கட்டில்ல பெல்ட் போட்டுக் கட்டி, 60, 70 டிகிரிக்கு நிமித்தி வச்சு பல்ஸ், பிபி பாப்பாங்க. கொஞ்சம் கொடுமையாத்தான் இருக்கும், கூட ஆள் கூட்டிட்டுப் போங்க, அன்னிக்கு வண்டி ஓட்டிட்டு வரலாம்னு நினைக்காதீங்க. பெங்களூர் நிம்ஹான்ஸ் மாதிரி சில இடங்கள்ல தன்னியக்க நரம்பு மண்டலத்துக்குன்னே, அதாவது துடிப்பு, பிபி எல்லாத்தையும் தானா பாத்துக்கிற நரம்புங்களுக்குன்னே, தனி லேப் இருக்கு.

"இதெல்லாம் பதட்டம்தான்"னு சொல்லி அனுப்பிட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. பதட்டம்னா உக்காந்திருக்கிறப்பவும் வரும், படுத்திருக்கிறப்பவும் வரும். நின்னா மட்டும் வந்து படுத்தா அடங்குற பதட்டம் கொஞ்சம் விசேஷமான பதட்டமால்ல இருக்கு? இதைச் சண்டையா இல்லாம கேள்வியா கேளுங்க, "நிக்க வச்சு பத்து நிமிஷம் பல்ஸ் பாக்கலாமா டாக்டர்?"னு. நல்ல டாக்டர்னா பாப்பாரு. பாக்கலன்னா அடுத்த டாக்டர்.

3. விழுறதுக்கு முன்னாடி தரைல உக்காருங்க

இந்தக் கட்டுரைல வேற எதையும் படிக்கலன்னாலும் இத மட்டும் படிங்க. பாட்ஸ் பொதுவா உயிரை எடுக்காது. தலை தரைல மோதுறது எடுக்கலாம். கேஸ் அடுப்பு முன்னாடி விழுறது, பாத்ரூம் டைல்ஸ்ல விழுறது, மாடிப் படில விழுறது, இதுங்கதான் ஆபத்து.

நல்ல விஷயம் என்னன்னா, நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு மயக்கம் சொல்லிட்டுத்தான் வரும். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி. காது அடைச்ச மாதிரி சத்தம் தூரத்துல கேக்கும், ஓரத்துல இருந்து கண்ணு இருட்டும், கொட்டாவி கொட்டாவியா வரும், குளிர்ந்த வேர்வை, வயித்தைப் புரட்டுறது, பேசுறப்போ வார்த்தை வராம தடுமாறுறது. உங்களுக்கு எது முதல்ல வருதுன்னு கண்டுபிடிங்க. எனக்கு காதுதான், பக்கத்துல பேசுறவங்க திடீர்னு கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடும், அதுக்கப்புறம் கொஞ்ச நேரம்தான் கைல இருக்கு. அந்த நேரத்துல வாசல் எங்க இருக்கு, நாற்காலி எங்க இருக்குன்னு தேடி நடக்காதீங்க, நடந்து போறப்பதான் நடு வழில விழுவோம். நின்ன இடத்துலயே உக்காருங்க. முடிஞ்சா படுத்து காலை எதுமேலயாவது தூக்கி வைங்க.

நகைக் கடைல உக்காரணுமா, உக்காருங்க. கோயில் பிரகாரமா, உக்காருங்க, அங்க எல்லாரும் உக்காருறதுதானே. பேங்க் க்யூல, மெட்ரோ பிளாட்பார்ம்ல, ஆபீஸ் லிஃப்ட்டுக்குள்ள, பட்டுப் புடவை கட்டிட்டு கல்யாண மண்டபத்துல, எங்கயும். யாராவது ஒரு மாதிரி பாப்பாங்க. பாக்கட்டும். வெக்கப்பட்டு ரெண்டு நிமிஷம் தாக்குப் பிடிக்கலாம்னு நினைக்கிறப்பதான் மண்டை உடையும், அதுக்கப்புறம் அதே ஆளுங்க சுத்தி நின்னு இன்னும் நல்லாவே பாப்பாங்க.

உக்காரவே முடியாத இடம்னா, நிக்கிற பஸ் மாதிரி, காலைக் குறுக்கப் போட்டு தொடை, பின்பக்கம், வயிறு மூணையும் சேத்து இறுக்கிப் பிடிங்க. கை ரெண்டையும் கோத்து எதிரெதிர் பக்கம் இழுங்க. குதிகாலத் தூக்கித் தூக்கி இறக்குங்க. கெண்டைக்கால் சதை இறுகுறப்போ ரத்தத்தை மேல தள்ளும், அசையாம நிக்கிறதுதான் நமக்கு எமன். குனிஞ்சு செருப்பு வார் சரி பண்ற மாதிரி குத்துக்கால் போட்டு உக்காந்துட்டா யாருக்கும் சந்தேகமும் வராது, ஆனா அதுல இருந்து எந்திரிக்கிறப்போ நிதானம், சட்டுன்னு எந்திரிச்சா அதுவே தள்ளிவிட்டுடும். இந்தியன் டாய்லெட்டுக்கும் இதேதான், பிடிச்சுக்க சுவத்துல ஒரு கம்பி அடிச்சுடுங்க.

4. தண்ணியும் உப்பும்

ஊர் உலகமே உப்பைக் குறைன்னு சொல்றப்போ நம்மள மட்டும் கூட்டச் சொல்வாங்க. மத்தவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள. பாட்ஸுக்கு அமெரிக்க இதயத் துடிப்பு நிபுணர்கள் சங்கம் 2015-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல 10-ல இருந்து 12 கிராம் உப்பு, 2-ல இருந்து 3 லிட்டர் தண்ணின்னு இருக்கு. ஒரு டீஸ்பூன் தட்டையா எடுத்தா உப்பு சுமார் 5, 6 கிராம் வரும், அதை வச்சுக் கணக்குப் போட்டுக்கோங்க. ஆனா பிபி அதிகமா இருக்கிறவங்க, கிட்னி பிரச்சனை, இதயம் பலவீனமா இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டர் சொல்லாம இதைத் தொடவே கூடாது. பாட்ஸ்லயே ஒரு வகைல நின்னா பிபி ஏறும், அவங்களுக்கும் இந்தக் கணக்கு ஒத்து வராம போகலாம். அதனால முதல்ல கேளுங்க, அப்புறம் கூட்டுங்க.

வெறும் தண்ணி மட்டும் குடம் குடமா குடிச்சா பாத்ரூம்தான் போவீங்க, உப்பு இருந்தாத்தான் தண்ணி உடம்புல தங்கும். இளநீரை எல்லாரும் சொல்வாங்க, நல்லதுதான், ஆனா அதுல இருக்கிறது பொட்டாசியம், சோடியம் கம்மி. குடிச்சீங்கன்னா ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடிங்க. நமக்கு வரப்பிரசாதம் மோரு, நீராகாரம், கஞ்சி, ரசம். காலைல பழைய சோத்து நீராகாரத்துல உப்பு போட்டு சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டா அதுக்கு ஈடு இல்ல. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, இதெல்லாம் நாக்கு கேக்குறப்போ குற்ற உணர்ச்சி இல்லாம சாப்பிடுற ஒரே கூட்டம் நாமதான், அந்த ஒரு சந்தோஷமாவது இருக்கட்டும்.

ஒரு நடைமுறைச் சிக்கல். நம்ம வீடுகள்ல அப்பாவுக்கோ மாமியாருக்கோ பிபி இருக்கும், அதனால மொத்த சமையலும் அரை உப்புலதான் நடக்கும். சமையலை மாத்தச் சொல்லி சண்டை போடாதீங்க, உங்க தட்டு பக்கத்துல ஒரு சின்ன டப்பால உப்பு வச்சுக்கோங்க.

ஓஆர்எஸ் வாங்குறப்போ பாத்து வாங்குங்க. மெடிக்கல் ஷாப்ல பவுடரா விக்கிற உலக சுகாதார நிறுவன ஃபார்முலா பாக்கெட், ஒரு லிட்டர்ல கலக்குறது, அதுதான் ஓஆர்எஸ். அதுல உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், அதோட சிட்ரேட்டும் பொட்டாசியமும் இருக்கும், மொத்த சோடியத்தையும் கணக்குப் பாத்தா நாலரை கிராம் உப்புக்கு சமம். குளுக்கோஸ் ருசிக்கு இல்ல, குடல்ல சோடியம் உள்ள போறதுக்கே அது வேணும். அட்டை டப்பால ஆப்பிள், ஆரஞ்சு ஃப்ளேவர்ல ஓஆர்எஸ்னு பேரு போட்டு வித்ததெல்லாம் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணிதான், அந்த ஃபார்முலா இல்லாத பானத்துக்கு ஓஆர்எஸ்னு பேரு போடக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபர்ல உத்தரவே போட்டுச்சு. லேபிளப் படிங்க. சுகர் இருக்கிறவங்க குளுக்கோஸ் கணக்கையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

சாப்பாடு விஷயத்துல, மதியம் தலைவாழை இலை போட்டு சாம்பார், ரசம், மோருன்னு மூணு ரவுண்டு சோறு சாப்பிட்டா ரத்தம் பூரா வயித்துக்குப் போயிடும், எந்திரிச்சு கை கழுவப் போறப்போ தெரியும் சேதி. அஞ்சாறு தடவையா பிரிச்சு கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, சோத்தைக் கொறச்சு முட்டை, சுண்டல், மீன்னு கூட்டுங்க. விரதம் இருக்கிற பழக்கம் இருந்தா தண்ணி கூட குடிக்காத விரதம் வேண்டாம், சாமி கோச்சுக்காது, அதை வீட்ல பெரியவங்களுக்குப் புரிய வைக்கிறதுதான் கஷ்டம்.

5. காலைல எந்திரிக்கிற முறை

நம்ம நாள்லயே மோசமான நேரம் காலைதான், ராத்திரி பூரா தண்ணி குடிக்காம உடம்பு காஞ்சிருக்கும். ராத்திரியே தலைமாட்டுல அரை லிட்டர் பாட்டில் வச்சுட்டுப் படுங்க. முழிப்பு வந்ததும் எந்திரிக்காம, ஒருக்களிச்சு அந்த அரை லிட்டரையும் மடமடன்னு குடிங்க. சொட்டு சொட்டா இல்ல, ஒரே மூச்சுல. அப்படிக் குடிச்சா கொஞ்ச நிமிஷத்துல பிபி ஏறி ஒரு மணி நேரம் வரைக்கும் தாங்கும். காலைல போட வேண்டிய மாத்திரை இருந்தா அதோடயே. அப்புறம் படுத்தபடியே பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டுங்க, எந்திரிச்சு காலைத் தொங்கப் போட்டு ரெண்டு நிமிஷம் உக்காருங்க, அப்புறம் எதையாவது பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, நின்ன இடத்துலயே ஒரு நிமிஷம் கழிச்சு நடங்க. காலிங் பெல் அடிச்சுதுன்னு துள்ளி எந்திரிச்சு ஓடாதீங்க, பால்காரர் காத்திருப்பாரு. கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடில செங்கல் வச்சு நாலஞ்சு அங்குலம் உயர்த்துறதும் கொஞ்ச நாள்ல உதவும். தலையணைய ஏத்துறது இல்ல, கட்டிலையே ஏத்தணும்.

6. வெயிலு, குளியல், மொட்டை மாடி

சூடு பட்டா தோல்ல இருக்கிற ரத்தக் குழாய் எல்லாம் விரியும், மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் தோலுக்குப் போயிடும். அக்னி நட்சத்திரம் நமக்கு நிஜமாவே நட்சத்திர தோஷம். வெளி வேலைய காலைல ஒன்பதுக்குள்ள இல்ல சாயங்காலத்துக்கு மேல வச்சுக்கோங்க, குடை, கழுத்துல ஈரத் துண்டு, பையில தண்ணி தெளிக்கிற சின்ன ஸ்ப்ரே பாட்டில்.

வெந்நீர்க் குளியல விட்டுடுங்க, வெதுவெதுன்னு போதும். பாத்ரூம்ல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்து குளிங்க. தாழ்ப்பாள் போடாதீங்க, கதவை சாத்தி வெளில ஒரு துண்டைத் தொங்கவிட்டா உள்ள ஆள் இருக்குன்னு வீட்ல புரிஞ்சுக்கட்டும். எண்ணெய் தேய்ச்சு வெந்நீர்ல தலை குளிக்கிறது சனிக்கிழமை சடங்கா இருந்தா அன்னிக்கு வேற எந்த வேலையும் வைக்காதீங்க, குளிச்சதும் படுக்கப் போற மாதிரி சாயங்காலம் வச்சுக்கோங்க.

இப்போ மொட்டை மாடி. துணி காயப் போடுறது பாக்க சின்ன வேலை, ஆனா நமக்கு ஆகாதது எல்லாத்தையும் சேத்து வச்ச வேலை அது. ஈர பக்கெட்டோட படி ஏறணும், உச்சி வெயில், பக்கெட்டுக்குக் குனியணும், நிமிரணும், நிமிந்த கையோட கைய தலைக்கு மேல தூக்கி கொடில போடணும், கிளிப் மாட்டணும், மறுபடி குனியணும். கைய மேல தூக்கி வச்சிருந்தாலே இதயம் இன்னும் வேகமா அடிக்கும், தலை சீவுறப்போ, பரண்ல இருந்து பாத்திரம் எடுக்கிறப்போ படபடன்னு வர்றதும் இதனாலதான். மடக்குற துணி ஸ்டாண்ட் ஒண்ணு வாங்கி பால்கனில போடுங்க, பக்கெட்டை ஒரு நாற்காலி மேல வைங்க, குனியறதும் இல்ல, கை தூக்குறதும் இல்ல. சமையல்கட்டுல ஒரு உயரமான ஸ்டூல், காய் நறுக்குறது கண்டிப்பா உக்காந்து, கோலம் போடுறது சின்ன மணை மேல உக்காந்து நகந்து நகந்து. வேலை செய்யறதை நிறுத்தச் சொல்லல, நின்னு செய்யறதை நிறுத்துங்க.

ஆபீஸ் நாற்காலில சம்மணம் போட்டு உக்காந்தா காலைத் தொங்கப் போடுறதை விட எவ்ளோ நல்லா இருக்குன்னு பாருங்க. மேனேஜருக்குப் பிடிக்கலன்னா காலுக்கடில ஒரு முக்காலி.

7. வயித்துப் பெல்ட்டும் ஸ்டாக்கிங்ஸும்

மெடிக்கல் ஷாப்ல வெரிகோஸ் வெயினுக்கு விக்கிற இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் இருக்குல்ல, அதுதான். ஆனா முட்டி வரைக்கும் இருக்கிறது அவ்வளவா பிரயோஜனம் இல்ல, ஏன்னா ரத்தம் பெரும்பாலும் தேங்குறது வயிறு, தொடைப் பக்கம். இடுப்பு வரைக்கும் வர்றதுதான் நல்லது. நம்ம ஊர் வெக்கையில அதைப் போட்டுட்டு ஒரு நாள் பூரா இருக்கிறது தண்டனை, ஒத்துக்கறேன். அதனால நான் சொல்றது, சிசேரியன் ஆனவங்களுக்குப் போடுற வயித்து பெல்ட்ல ஆரம்பிங்க. சுடிதாருக்குள்ள, புடவைக்குள்ள வெளில தெரியாது, உக்காந்தா தளத்திக்கலாம், நிக்கிறதுக்கு முன்னாடி இறுக்கிக்கலாம், படுக்கிறப்போ கழட்டிடணும். ஸ்டாக்கிங்ஸ ஏசி ஆபீஸுக்கும் ட்ரெயின் பயணத்துக்கும் வச்சுக்கோங்க.

8. உடற்பயிற்சி, ஆனா படுத்துக்கிட்டு

"வாக்கிங் போங்க"ன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆரம்பத்துல அது நமக்கு இல்ல. படுத்தே கிடந்தா ரத்த அளவு இன்னும் குறையும், இதயமும் சுருங்கும், பாட்ஸ் மோசமாகும், அதுக்காக நின்னு செஞ்சா மயக்கம். இதுக்கு வழி படுத்தும் உக்காந்தும் செய்யறது. பாய்ல படுத்து காலைத் தூக்குறது, இடுப்பைத் தூக்கி இறக்குறது, சாஞ்சு உக்காந்து மிதிக்கிற ஜிம் சைக்கிள், துடுப்பு போடுற ரோயிங் மெஷின், நீச்சல். தண்ணியோட அழுத்தமே ஸ்டாக்கிங்ஸ் மாதிரி காலை அமுக்கும், உடம்பும் கிடைமட்டமா இருக்கும். ஒலிம்பிக்ல ஒன்பது தங்கம் வாங்கின அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடக்கிக்கு பாட்ஸ் இருக்கு, 2015-ல கண்டுபிடிச்சாங்கன்னு அவங்களே 2024-ல சொன்னாங்க. அதைக் கேட்டுட்டு வீட்ல "பாத்தியா, அவளுக்கும்தான் இருக்கு, மெடல் வாங்கலையா"ன்னு ஆரம்பிக்காம பாத்துக்கோங்க, ஒவ்வொருத்தர் பாட்ஸும் வேற அளவு. நீச்சல் குளத்துக்கு தனியாவும் போகாதீங்க.

அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சு வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் கூட்டுங்க. முதல் சில வாரம் இன்னும் களைப்பா இருக்கும், பலன் தெரிய மூணு மாசம் ஆகும். ஒரு சின்ன எச்சரிக்கை: பயிற்சி செஞ்ச மறுநாள், அடுத்த நாள்னு படுக்கையோட படுக்கையா போட்டுடுதுன்னா, முக்கியமா கோவிட்டுக்கு அப்புறம் வந்தவங்க, தள்ளிக்கிட்டே போகாதீங்க, நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

9. மாத்திரை

பாட்ஸுக்குன்னே தனியா ஒரு மருந்து கிடையாது, வேற வியாதிக்கு வந்த மருந்துங்களத்தான் நமக்கும் தர்றாங்க. துடிப்பைக் குறைக்க ப்ரோப்ரனலால் குறைஞ்ச டோஸ்ல, இல்லன்னா ஐவாப்ரடின். ரத்தக் குழாய இறுக்க மிடோட்ரின். உப்பையும் தண்ணியையும் உடம்புல பிடிச்சு வைக்க ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். ஆஸ்துமா இருந்தா ப்ரோப்ரனலால் பத்தி டாக்டர் கேக்கலன்னாலும் நீங்க சொல்லிடுங்க. மிடோட்ரின் போட்டா மண்டைல எறும்பு ஊருற மாதிரி சிலிர்க்கும், பயப்படாதீங்க, ஆனா போட்டுட்டு படுத்தா பிபி எகிறும், தூங்குறதுக்கு நாலு மணி நேரத்துக்கு முன்னாடியே கடைசி டோஸ் முடிஞ்சிருக்கணும். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன்ல பொட்டாசியம் குறையும், அப்பப்போ ரத்தம் பாக்கணும். ஐவாப்ரடின்ல கண்ணுல வெளிச்சம் மின்னுற மாதிரி வரலாம், குழந்தை பெத்துக்கிற திட்டம் இருந்தா அது வேண்டாம், முன்கூட்டியே பேசுங்க. இன்னொருத்தருக்கு ஒத்துக்கிச்சுன்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கிப் போட்டுக்கிற ஜாதி மருந்து இல்ல இதெல்லாம்.

பீரியட்ஸுக்கு முன்னாடியும் அந்த நாட்கள்லயும் பல பேருக்கு கூடும். அந்த வாரத்துல ட்ரெயின் பயணம், விசேஷம் எதையும் வைக்காம இருக்க முடிஞ்சா வைக்காதீங்க.

10. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் சொல்லி வைக்க வேண்டியது

நம்ம ஊர்ல கல்யாணமான பொண்ணு மயங்கி விழுந்தா பெரியவங்க நாடி பிடிச்சுப் பாத்துட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிப்பாங்க, கல்யாணம் ஆகாத பொண்ணு விழுந்தா ஒழுங்கா சாப்பிடறதில்லம்பாங்க, பையன் விழுந்தா ராத்திரி பூரா போன் பாத்தான்னுவாங்க. எல்லாருக்கும் விளக்கிட்டு இருக்க முடியாது. கூட இருக்கிற ரெண்டு மூணு பேருக்கு மட்டும் தெளிவா சொல்லிடுங்க.

விழுந்தா தூக்கி நிக்க வைக்காதீங்க, நாற்காலில உக்கார வைக்காதீங்க. நம்ம ஆளுங்க முதல்ல பண்றதே அக்குள்ல கை குடுத்துத் தூக்குறதுதான். படுக்க வச்சு காலைத் தூக்கிப் பிடிச்சா போதும், பொதுவா ஒரு நிமிஷத்துக்குள்ள முழிப்பு வந்துடும். நிமித்திப் பிடிச்சா மூளைக்கு ரத்தம் போகாம கை கால் வெட்டும், உடனே வலிப்புன்னு சொல்லி கைல சாவிக்கொத்தைத் திணிப்பாங்க. சாவி வேண்டாம். முழிப்பு வர்றதுக்கு முன்னாடி வாய்ல சோடா, தண்ணி எதுவும் ஊத்தக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள்ள போயிடும். சுத்தி நிக்காம காத்து விடணும். முழிச்சதும் உடனே எந்திரிக்க விடாம கால் மணி நேரமாவது படுக்க வைக்கணும்.

எப்போ 108-க்குக் கூப்பிடணும்ங்கிறதையும் சேத்து சொல்லிடுங்க: ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகியும் முழிக்கலன்னா, விழுந்ததுல தலைல அடிபட்டா, நெஞ்சு வலியோட விழுந்தா, ஓடுறப்போ படி ஏறுறப்போ விழுந்தா, படுத்திருக்கிறப்பவே நினைவு போனா, எந்த அறிகுறியும் இல்லாம திடீர்னு விழுந்தா. இதெல்லாம் பாட்ஸ் கணக்குல எழுதக் கூடாது, இதயத்தைப் பாக்கணும். குடும்பத்துல யாராவது சின்ன வயசுலயே காரணம் தெரியாம திடீர்னு இறந்திருந்தா அதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

வண்டி ஓட்டுறது பத்தி டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க. முழுசா நினைவு போற ஆளா இருந்தா அது கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் ஸ்கூட்டி சாவியை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. பஸ்ல உக்காந்திருக்கிறப்போ "சின்னப் பொண்ணுதானே, எந்திரிம்மா"ன்னு யாராவது சொன்னா, "நின்னா மயங்கிடுவேங்க, டாக்டர் சொல்லியிருக்காரு"ன்னு ஒரே வரி போதும், நோயோட பேரெல்லாம் சொல்லி பாடம் எடுக்க ஆரம்பிச்சா ஸ்டாப் வந்துடும்.

கடைசியா, போன் லாக் ஸ்கிரீன்ல வர்ற அவசரத் தகவல்லயும், பர்ஸ்ல ஒரு சின்ன அட்டைலயும் இதை எழுதி வச்சுக்கோங்க, உங்க மாத்திரை பேரையும் வீட்டு நம்பரையும் கீழ சேத்துக்கோங்க:

"எனக்கு பாட்ஸ் என்ற உடல்நிலை உள்ளது. நின்றால் மயக்கம் வரும். தயவுசெய்து என்னைத் தூக்கி நிறுத்த வேண்டாம். படுக்க வைத்து கால்களை உயர்த்தவும். நினைவு வரும் வரை வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். ஒரு நிமிடத்தில் நினைவு வராவிட்டால் 108-ஐ அழைக்கவும்."